அத்தைக்கு வந்தா எனக்கும் வருமா? மார்பகப் புற்றுநோயும் நாம கேட்க மறந்த அப்பா வழியும்

முத்துப்பேட்டைப் பக்கம் பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் விசாரிக்க வேண்டியதையெல்லாம் போவதற்கு முன்னாடியே விசாரித்துவிடுவார்கள். "அவங்க வீட்ல சுகர் இருக்கா?", "யாருக்காவது வெண்புள்ளி இருக்கா?", "அந்தப் பெரியவருக்கு ஆஸ்துமாவாமே?" இப்படி ஊரில் நாலு பேரிடம் கேட்டு, குடும்பத்தோட மெடிக்கல் ஹிஸ்டரியையே கையில் வைத்திருப்பார்கள். ஆனால் ஒரே ஒரு நோய் மட்டும் அந்த விசாரணையில் சிக்காது. ஏன்னா அதைப் பற்றி வீட்டுக்குள்ளேயே யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். "மார்ல கட்டி வந்துச்சு, ஆபரேஷன் பண்ணாங்க." அவ்வளவுதான். சில வீடுகளில் அதுகூடக் கிடையாது. "உடம்பு சரியில்லாம இருந்தாங்க, போய்ட்டாங்க."

மறைப்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள். "பரம்பரை வியாதி"னு ஒரு பேச்சு கிளம்பிட்டா வரன் தட்டிப்போகும் என்ற பயம். சிக்கல் என்னன்னா, யாருக்காக மறைக்கிறோமோ அந்தப் பெண்ணுக்குத்தான் அந்தத் தகவல் தேவை. அது அவள் உயிரைக் காப்பாற்றக்கூடிய தகவலாகக்கூட இருக்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். மார்பகப் புற்றுநோய் பரம்பரையா வருமா?

பெரும்பாலும் வராது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்குப்படி, இந்தியாவில் ஒரே வருடத்தில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்துபோனார்கள். மார்பகப் புற்றுநோய் வருகிற நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான், அப்பா அம்மாவிடம் இருந்து வந்த ஒரு மரபணுக் கோளாறு நேரடிக் காரணமாக இருக்கும். மீதிப் பேருக்கு வயது, ஹார்மோன், உடல் எடை, மது, அதோடு கொஞ்சம் துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொள்கின்றன. அதனால் "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லை, எனக்கு வராது" என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்குத்தான் எண்ணிக்கையில் இது அதிகம் வருகிறது.

ஆனால் அந்த ஐந்து, பத்து சதவிகிதம் இருக்கிறதே, அதில்தான் முன்கூட்டியே எதையாவது செய்ய வழி இருக்கிறது.

கரை உடைஞ்சா யார் அடைப்பாங்க?

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற நீளமான இழை இருக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் அதை முழுசாக நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும்போது அங்கங்கே கிழியும், அறுந்தும் போகும். தினமும் நடக்கிற சங்கதி. அதைச் சரிசெய்ய உடம்பிலேயே ஆள் இருக்கிறது. அந்த ரிப்பேர் ஆட்களில் முக்கியமானவை இரண்டு மரபணுக்கள். எழுத்தைப் பிரித்து பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 என்பார்கள். டாக்டர்கள் வாயில் சுருக்கமாக "பிராக்கா".

கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மழைக்காலத்தில் வாய்க்கால் கரை உடைந்தால் மண் மூட்டையோடு ஓடிப்போய் அடைக்க ஆள் வேண்டும். உங்கள் ஒவ்வொரு செல்லுக்கும் அப்படி இரண்டு பேர். ஒருவர் அம்மா கொடுத்தவர், இன்னொருவர் அப்பா கொடுத்தவர். ஒருவர் படுத்துவிட்டாலும் இன்னொருவர் சமாளிப்பார். பிராக்கா கோளாறோடு பிறக்கிறவருக்கு உடம்பில் எந்தச் செல்லை எடுத்தாலும் ஒரே ஆள்தான் வேலை பார்க்கிறார். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வெளியில் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் இருப்பார். ஆனால் முப்பது, நாற்பது வருட ஓட்டத்தில் ஏதாவது ஒரு மார்பகச் செல்லில் அந்த ஒற்றை ஆளும் விழுந்துவிட்டால், அந்தச் செல்லில் உடைப்புகள் அடைபடாமல் குவிய ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் புற்றுநோய் தொடங்குகிறது.

இந்தக் கோளாறு இருந்தால் ஆபத்து எவ்வளவு? சாதாரணமாக இந்தியப் பெண்களில் வாழ்நாளில் சுமார் 30 பேரில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வரலாம் என்பது கணக்கு. பிராக்கா-1 கோளாறு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவிகிதம், பிராக்கா-2 என்றால் சுமார் 69 சதவிகிதம் என்று 2017-ல் வெளியான ஒரு பெரிய சர்வதேச ஆய்வு சொன்னது. கூடவே கருப்பைப் பக்கத்தில் இருக்கும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் ஆபத்து: முதலாவதுக்கு 44, இரண்டாவதுக்கு 17 சதவிகிதம். ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மேற்கத்திய நாட்டுக் குடும்பங்கள் என்பதால், இதே எண்ணை அப்படியே தூக்கி நம் ஊர்ப் பெண் தலையில் வைக்கக் கூடாது. ஆபத்து பல மடங்கு என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் 1990-ல், இளவயதில் மார்பகப் புற்றுநோய் வருகிற குடும்பங்களை ஆராய்ந்து, காரணம் 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். இப்படி ஒரு நோய்க்கு ஒற்றை மரபணு காரணமாக இருக்க முடியும் என்பதையே அதுவரை பலர் நம்பவில்லை. 1994-ல் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுக்கப் பேச வைத்தது என்னவோ 2013-ல் ஏஞ்சலினா ஜோலிதான். அம்மா 56 வயதில் புற்றுநோயில் இறந்தவர், தனக்கு பிராக்கா-1 கோளாறு இருப்பது தெரிந்ததும் நோய் வருவதற்கு முன்பே இரண்டு மார்பகங்களையும் நீக்கிக்கொண்டதாக எழுதினார். "இதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம்" என்று நாம் நகர்ந்துவிட்டோம்.

அப்படி நகர முடியாது. ஏன் என்பதற்கு நல்ல கதை ஒன்று இருக்கிறது.

இரண்டு எழுத்து காணாமப் போன கதை

பிராக்கா-1 மரபணுவில் வருகிற கோளாறுகளில் ஒன்றுக்கு 185டெல்ஏஜி என்று பெயர். ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ள மரபணுவில் ரெண்டு எழுத்து போனா என்ன?

செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். "பழம் தரும் மரம் இதுவே" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். இதில் "ழம்" என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள்: "பதரு ம்மர ம்இது வே". போனது இரண்டு எழுத்து, அர்த்தம் போனது முழு வரிக்கும். ரிப்பேர் ஆள் வேலைக்கே வர முடியாமல் போவது இப்படித்தான்.

இந்த 185டெல்ஏஜி, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம் அதிகம் காணப்படுவது. அவர்களில் சுமார் நூறில் ஒருவருக்கு இது இருக்கும். மருத்துவப் பாடங்களில் "யூத மரபணுப் பிறழ்வு" என்றே குறிப்பிடும் அளவுக்குப் பிரபலம். இதே பிறழ்வு தென்னிந்தியக் குடும்பங்களிலும் அகப்பட்டது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் டி.ராஜ்குமாரின் குழு, மார்பக, சினைப்பைப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்த குடும்பங்களை 2000-களின் தொடக்கத்திலேயே பரிசோதிக்க ஆரம்பித்திருந்தது. 2009-ல் பெங்களூர் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்விலும், தென்னிந்தியப் பெண்களிடம் இந்த 185டெல்ஏஜி அடிக்கடி தென்பட்டது.

யூதர்களோடு நமக்கு ஏதாவது பழைய உறவா? கடல் வாணிபம், கொச்சி யூதர்கள் என்று யோசனை எங்கெங்கோ போகும். கற்பனைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2007-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஒரு இந்தியக் குடும்பத்தில் அந்தப் பிறழ்வைச் சுற்றியுள்ள மரபணு அடையாளங்களைப் பார்த்தது. ஒரு தெருவைக் கண்டுபிடிக்க முனையில் உள்ள டீக்கடை, பள்ளிவாசல், பால் பூத் என்று அடையாளம் சொல்வோமில்லையா, அதுபோல. யூதர்களிடம் உள்ள அடையாளங்கள் இங்கே பொருந்தவில்லை. அதாவது, அதே இடத்தில் அதே இரண்டு எழுத்து இங்கே தனியாக ஒருமுறை தொலைந்திருக்கிறது. யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை, நம்ம முன்னோர் ஒருவரின் உடம்பிலேயே தொடங்கியது.

அடையாறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனையே ஒரு குடும்பத் துக்கத்தில் இருந்து வந்ததுதான். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். முதலில் சீதபேதி என்று தவறாக நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அந்த வேதனையை அவர் முப்பது வருடம் சுமந்து, 1954-ல் 12 படுக்கைகளோடு குடிசையில் தொடங்கியதுதான் இன்றைய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அடுத்த வருடம் வந்து சேர்ந்த டாக்டர் வி.சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அப்பா வழியை யாரும் கேட்கலையே!

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். முத்துப்பேட்டைப் பெண், வயது 24. அப்பா துபாயில். டாக்டர் "குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்துச்சா?" என்கிறார். அவள் யோசிக்கிறாள். அம்மா நலம். அம்மாச்சி 80 வயதிலும் தெம்பாக இருக்கிறார். சித்தி, பெரியம்மா யாருக்கும் ஒன்றுமில்லை. "இல்ல டாக்டர்."

ஆனால் அப்பாவின் அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய். அப்பாயி 46 வயதில் "வயித்துல கட்டி" வந்து இறந்தவர். அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். இதெல்லாம் அவளுக்குத் தோன்றவே இல்லை, ஏன்னா "இது பொம்பளைங்க நோய், அம்மா வழியிலதானே வரும்" என்ற எண்ணம்.

தப்பு. பிராக்கா மரபணுக்கள் 17-வது, 13-வது குரோமோசோம்களில் இருக்கின்றன. ஆண்களிடமும் அதே இரண்டு நகல். கோளாறுள்ள நகல் அப்பாவிடம் இருந்தால் மகளுக்கும் மகனுக்கும் போகும் வாய்ப்பு சரிபாதி, அம்மாவிடம் இருந்து வருவதைப் போலவே. அப்பா நோயே இல்லாமல் எழுபது வயது வரை இருந்துவிட்டு, மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவரோடு பிறந்தவர்கள் எல்லோரும் ஆண்களாக இருந்தால் ஒரு தலைமுறைக்கு அந்தக் கோளாறு வெளியே தலைகாட்டாமலே இருக்கும். நம் கற்பனைப் பெண்ணின் கணக்கைப் பாருங்கள்: அத்தைக்கு இருந்தால் அப்பாவுக்கு இருக்க ஐம்பது சதவிகிதம், அவளுக்கு இருக்க இருபத்தைந்து சதவிகிதம். அப்பாவுக்கு டெஸ்டில் இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்தக் கவலை அவளோடும் அவள் தம்பியோடும் அங்கேயே முடிந்தது.

ஆண்களே, உங்களுக்கும் ஒரு வரி. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். அபூர்வம்தான், ஆனால் பிராக்கா-2 கோளாறு உள்ள ஆணுக்கு வாழ்நாளில் நூற்றுக்கு ஆறு, ஏழு பேர் என்ற அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தும் கூடும். நெஞ்சில் கட்டி என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு சட்டையை இழுத்துவிடாமல் டாக்டரிடம் போங்க.

சொந்தத்துல கட்டினதாலயா?

அடுத்து வரும் கேள்வி இதுதான். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இந்தியாவிலேயே அதிகம் நடக்கும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. சொந்தத்தில் கட்டியதால் பிராக்கா கோளாறு புதிதாக வராது. யாராவது ஒரு பெற்றோரிடம் இருந்து ஒரே ஒரு கெட்ட நகல் வந்தால் போதும், ஆபத்து கூடிவிடும். ஆனால் கோளாறு ஏற்கெனவே ஓடுகிற குடும்பத்துக்குள்ளேயே கல்யாணம் என்றால், கணவன், மனைவி இருவருமே அதைச் சுமக்க வாய்ப்பு உண்டு. பிராக்கா-2 கோளாறு இரண்டு பக்கமிருந்தும் ஒரே குழந்தைக்கு வந்தால், ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான, மிக அபூர்வமான நோயோடு அந்தக் குழந்தை பிறக்கும். கோளாறு இருப்பது தெரிந்த குடும்பத்தில் சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசினால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

யார் டெஸ்ட் எடுக்கணும்?

எல்லோரும் இல்லை. "ஆஃபர்ல போட்டிருக்கான், எடுத்துப் பார்ப்போம்" என்று ஆன்லைனில் கிட் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குடும்பத்தில் 45, 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், இரண்டு பக்கமும் வந்தவர், ஆணுக்கு வந்தது, ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை, ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு வந்தது... இதில் ஏதாவது இருந்தால் கேட்க வேண்டியதுதான். 2018-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வில், மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்த ஆயிரத்துப் பத்துப் பேரைப் பல மரபணுக்களுக்குப் பரிசோதித்ததில் சுமார் 30 சதவிகிதம் பேருக்குக் கோளாறு அகப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி பிராக்காதான். டெஸ்டுக்கு அனுப்பும் அளவுக்கு டாக்டர்களுக்கு சந்தேகம் வந்தவர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: முதலில் பரிசோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. நம் கதையில் அத்தையை. அவர் ரத்தத்தில் எந்த எழுத்து போயிருக்கிறது என்று தெரிந்தால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். எடுப்பது கொஞ்சம் ரத்தம் அல்லது எச்சில். ரிசல்ட் வர சில வாரங்கள் ஆகும். பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட் என்றால் ஆயிரங்களில் செலவு.

ரிசல்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் தவிர மூன்றாவதாக ஒன்று வரும். "இந்த மாற்றத்துக்கு அர்த்தம் இன்னும் தெரியவில்லை" என்று. மனுஷனைப் படுத்தி எடுக்கிற பதில் அது. நம்மவர்களுக்கு இது வருவதற்கு ஒரு காரணம், உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது. ஒரு மாற்றம் இந்தியர்களிடம் சர்வசாதாரணமா, இல்லை நோய்க்கான அறிகுறியா என்று ஒப்பிட ஆட்கள் போதவில்லை. சின்னச் சின்ன ஆபத்தைக் கூட்டும் முன்னூறுக்கும் மேற்பட்ட சாதாரண மரபணு வேறுபாடுகளைக் கூட்டிப் போட்டு மதிப்பெண் தரும் முறைக்கும் இதே குறைதான். பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் விஞ்ஞானிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. மெல்ல மெல்ல இந்த இடைவெளி குறையலாம். அதுவரை அப்படி ஒரு ரிசல்ட்டை வைத்துக்கொண்டு யாரும் ஆபரேஷனுக்கு அவசரப்படக் கூடாது.

பாசிட்டிவ் வந்தா?

ஏஞ்சலினா ஜோலி வழி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 25 வயதிலிருந்து வருடம் ஒருமுறை மார்பக எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து என்பது பொதுவான நடைமுறை. குழந்தை பெற்று முடித்த பிறகு, 35-லிருந்து 45 வயதுக்குள் சினைப்பைகளை நீக்குவதை டாக்டர்கள் அழுத்தமாகச் சொல்வார்கள். சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான ஸ்கிரீனிங் கிடையாது என்பதால்தான் அந்த அழுத்தம். நோய் வந்துவிட்டவர்களுக்கும் இந்த டெஸ்ட் பயன்படும். ஓலாபரிப் போன்ற மாத்திரைகள், ரிப்பேர் ஆள் இல்லாத செல்லைக் குறிவைத்தே வேலை செய்கின்றன.

பேப்பரில் எழுதும்போது சுலபமாக இருக்கிறது. முத்துப்பேட்டையில் இருந்து வருடா வருடம் எம்.ஆர்.ஐ.க்குத் திருவாரூரோ தஞ்சாவூரோ போக வேண்டும். மரபணு ஆலோசனைக்கு சென்னை அடையாறு, வேலூர் சி.எம்.சி. என்று ராத்திரி பஸ் ஏற வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும், லீவு போட வேண்டும், பக்கத்து வீட்டுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிற மாநிலத்தில், "உங்க அத்தைக்கு எந்த வயசுல வந்துச்சு?" என்ற கேள்வியையும் அந்த நோட்டில் சேர்த்துக்கொண்டால் பெரிய செலவில்லை என்று தோன்றுகிறது.

இன்ஷூரன்ஸ் பயமும் சிலருக்கு இருக்கிறது. மரபணுக் காரணத்தைக் காட்டி காப்பீட்டில் பாகுபாடு செய்வது அரசமைப்புக்கு விரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. ஆனால் அமெரிக்காவில் 2008-ல் வந்ததைப் போல இதற்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. கல்யாணத்துக்கோ, சட்டமெல்லாம் எட்டவே எட்டாது. மாப்பிள்ளை வீட்டுக்கு டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டியே ஆகவேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அந்த முடிவு அந்தப் பெண்ணுடையது. ஆனால் அவளே தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு.

டெஸ்ட், ஆலோசனை எல்லாம் அப்புறம். முதலில் ஒரு பேப்பரை எடுங்கள். தாத்தா, அப்பாயி, அம்மாச்சி தொடங்கி, இரண்டு பக்கமும் ஆளாளுக்கு ஒரு கட்டம். யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுங்கள். "வயித்துக் கட்டி", "கர்ப்பப்பை எடுத்தாங்க" என்று மொட்டையாகச் சொன்னால் பழைய ரிப்போர்ட் ஏதாவது பீரோவில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஆலோசகர் கேட்கப்போகும் முதல் விஷயமும் இந்த வரைபடம்தான்.

கோளாறு உறுதியானால், உறவினர்களிடம் கொடுப்பதற்கென்று ஆலோசனை மையங்களில் ஒரு கடிதம் தருவார்கள். எந்த மரபணு, எந்த இடம், யார் யார் பரிசோதிக்கலாம் என்பது ஒரே பக்கத்தில் இருக்கும். டாக்டர் நேரடியாக உங்கள் சித்தப்பாவுக்குப் போன் செய்ய மாட்டார், அது ரகசியக் காப்பு விதி. துபாயில் இருக்கும் பெரியப்பா மகளுக்கும், சிங்கப்பூரில் இருக்கும் சின்ன அத்தைக்கும் அந்தக் கடிதம் போக வேண்டுமென்றால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர்தான் அனுப்ப வேண்டும்.